சுண்டிக்குளம்: நாட்காட்டியை அல்ல, தண்ணீரைப் பார்த்துப் போகவேண்டிய கரை

யாழ்ப்பாணத்தில் ஒருநாள் பயணத்துக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் கசூரினா, கீரிமலை, நயினாதீவு, நெடுந்தீவு என்று பதில் வரும். சுண்டிக்குளத்தைச் சொல்பவர்கள் குறைவு. சொல்பவர்களும் "பூநாரை பார்க்கலாம்" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை நம்பி ஆவணி மாதம் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனால், வெடித்துக் கிடக்கும் சேற்றையும் அதில் மேயும் மாடுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். குறை இடத்தில் இல்லை, போன காலத்தில் இருக்கிறது. சரியான நேரத்தில் போனால் குடாநாட்டில் இதற்கு நிகரான இன்னொரு இடம் கிடையாது.

இடத்தின் அமைப்பை முதலில் மனதில் பதிக்கவேண்டும். மணற்காடு, நாகர்கோவில், மருதங்கேணி, உடுத்துறை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று வடமராட்சி கிழக்கின் ஊர்கள் ஒரு மணல் நாடாவில் கோர்த்ததுபோலத் தென்கிழக்கே இறங்குகின்றன. அந்த நாடாவின் முனையில், குடாநாடு வன்னி நிலத்தைத் தொடும் ஒடுங்கிய இடத்தில் சுண்டிக்குளம் இருக்கிறது. ஒரு பக்கம் திறந்த வங்காள விரிகுடா, மறுபக்கம் ஆனையிறவு வரை விரியும் களப்பு. 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டபோது பரப்பு 19,565 ஹெக்டேயர். யால, வில்பத்து போல ஜீப் வரிசையும் வழிகாட்டிகளும் நிற்கும் பூங்கா என்று எண்ணிக்கொண்டு போகவேண்டாம். இங்கே எல்லாவற்றையும் நீங்களே ஆயத்தம் செய்யவேண்டும். அந்த அமைதிதான் இதன் மதிப்பு, சிரமமும் அதுவேதான்.

தண்ணீர்க் கணக்கு

கனகராயன் ஆறு, நெத்தலியாறு போன்ற வன்னி ஆறுகள் தெற்கிலிருந்து இந்தக் களப்பில் விழுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் களப்பு நிரம்பும். மார்கழியில் தண்ணீர் கரைமுட்ட நிற்கும். நிறைய தண்ணீர் நின்றால் நிறையப் பறவை வரும் என்று நினைப்பதுதான் முதல் பிழை. பூநாரையும் உள்ளானும் நீந்தி இரை தேடும் பறவைகள் அல்ல. அவை நின்று, நடந்து, சேற்றைக் கிளறித் தின்பவை. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கி, ஓரத்தில் சேற்று விளிம்பு தெரியத் தொடங்கினால்தான் அவற்றுக்குப் பந்தி விரித்த மாதிரி. களப்பு முழுவதும் ஆழமாக நிற்கும் நாட்களில் தாராக்களும் நாமக்கோழிகளும் நடுவே கரும்புள்ளிகளாக மிதக்கும், அவ்வளவுதான்.

ஆகவே நல்ல காலம் தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரை. மார்கழியில் மழை பிந்திப் பெய்திருந்தால் மாசிக்குத் தள்ளிப்போடுங்கள். சித்திரையில் வடக்கே போகவேண்டிய கூட்டங்கள் கிளம்பிவிடும். ஆனியிலிருந்து புரட்டாதி வரை களப்பின் பெரும்பகுதி வற்றி, மேலே உப்புப் பொருக்குப் படிந்துவிடும்.

போவதற்கு முன் பார்க்க ஒரு இலகுவான குறி இருக்கிறது. ஏ9 வீதியிலோ ரயிலிலோ ஆனையிறவைக் கடக்கும் யாராவது தெரிந்தவரிடம் கிழக்குப் பக்கக் களப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பறவைகள் கால் தெரிய நிற்கின்றனவா, ஓரத்தில் சேறு தெரிகிறதா? ஆம் என்றால் அந்த வார இறுதியிலேயே கிளம்பலாம்.

இந்தத் தண்ணீருக்கு ஒரு பழைய கனவும் உண்டு. 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டம், ஆனையிறவின் கிழக்குக் களப்பில் கடல்நீர் புகாமல் மறித்து நன்னீராக்கி, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சிக் களப்புக்கு அனுப்புவது. அது முழுமையடையவில்லை. களப்பின் ஓரத்தில் பழைய அணைக்கட்டு, கால்வாய்த் துண்டுகளைக் கண்டால் அவற்றின் பின்னால் குடாநாட்டின் குடிநீர்க் கவலை இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

போகும் வழி

யாழ் நகரிலிருந்து ஏ9 வழியாகச் சாவகச்சேரி, கொடிகாமம் கடந்து, பளைப் பக்கம் புதுக்காட்டுச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் மருதங்கேணி. அங்கிருந்து கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே இறங்கவேண்டும். மோட்டார் சைக்கிளில் மருதங்கேணி வரை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், சுண்டிக்குளத்துக்கு மேலும் முக்கால் மணி என்று கணக்கு வையுங்கள். தை மாதத்தில் சூரியன் உதிப்பது காலை ஆறரை அளவில். உதயத்துக்குக் களப்போரம் நிற்க வேண்டுமென்றால் நாலு மணிக்கே வெளிக்கிடவேண்டும். இருட்டில் வீதியில் மாடுகள் படுத்திருக்கும், வெளிச்சம் பட்டாலும் எழும்பாது. வேகத்தை ஐம்பதுக்கு மேல் ஏற்றாமல் போவது நல்லது.

பெற்றோலைக் கொடிகாமத்திலோ பளையிலோ நிரப்பிவிடுங்கள். கழிப்பறைத் தேவையையும் அங்கேயே முடித்துக்கொள்ளவேண்டும். பெண்களும் வயதானவர்களும் உள்ள குழு இதை முதலிலேயே திட்டமிடாவிட்டால் பத்து மணிக்கே திரும்பவேண்டி வரும், நல்ல காலைகள் பல அப்படித்தான் பாதியில் முடிகின்றன. குடிதண்ணீர் ஒருவருக்கு மூன்று லீற்றர். கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணலில் கிணறு இருந்தாலும் பல இடங்களில் தண்ணீர் சவர்.

பேருந்தில் போகலாமா? ஊர்களுக்குப் பேருந்து உண்டு, பறவை பார்க்கும் நேரத்துக்கு அது உதவாது. வாகனம் இல்லாதவர்கள் ரயிலில் பளையில் இறங்கி, முதல் நாளே பேசிவைத்த ஓட்டோவில் போவது மேல். ஓட்டோ அண்ணையிடம் "காத்து நிண்டு திருப்பிக் கொண்டுவர" என்று சேர்த்துப் பேசவேண்டும். போகும் கூலி மட்டும் பேசிவிட்டு இறங்கினால் திரும்ப வண்டி கிடைக்காது.

கார், வான் கொண்டுபோகிறவர்கள் கவனிக்கவேண்டியது மணல். வீதியை விட்டு இரண்டு மீற்றர் ஒதுக்கினாலே சில்லுப் புதையும். புதைந்தால் அக்சிலேற்றரை அழுத்தாதீர்கள், அழுத்த அழுத்த இன்னும் ஆழமாகத் தோண்டும். எல்லாரும் இறங்கி, சில்லுக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் வழித்து, ரயர்க் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை குறைத்து, அடியில் காவோலைகளைக் குறுக்காக அடுக்கி, முதலாவது கியரில் மெல்ல எடுக்கவேண்டும். பனைக்கு அந்தப் பக்கம் பஞ்சமில்லை. காற்றடிக்கும் பம்ப் ஒன்று வண்டியில் இருக்கட்டும், குறைத்த காற்றோடு தார்வீதியில் ஓடினால் ரயர் கெட்டுவிடும்.

வற்றிய களப்புத் தரை இன்னும் மோசம். மேலே காய்ந்த பொருக்கு, கீழே களி. நடந்தால் தாங்குகிறதே என்று மோட்டார் சைக்கிளை இறக்கினால் பின்சில்லு அச்சுவரை போகும். அதை இழுக்க உழவு இயந்திரம்தான் தேடவேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையை விளையாட்டாக எடுக்கவேண்டாம். முகமாலை, பளைப் பக்கங்கள் போர்முனையாக இருந்த நிலம், கண்ணிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்த பகுதி. மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகையோ, பட்டி கட்டிய எல்லையோ கண்டால் அதற்கப்பால் ஒரு அடியும் வைக்கக்கூடாது. "குறுக்குப் பாதை" என்று பற்றைக்குள் இறங்கவும் கூடாது. வீதி, ஊர்ப்பாதை, ஆட்கள் புழங்கும் கரை இவை போதும்.

வெளிச்சம் எந்தப் பக்கம்

இந்தக் கரையின் பெரிய வசதி அதன் திசை. காலையில் களப்பைப் பார்த்து நின்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், கடலின் மேல் இருக்கும். வெளிச்சம் நேரே பறவைகள் மேல் விழும். பின்னேரம் எல்லாம் தலைகீழ். சூரியன் முகத்துக்கு நேரே நிற்க, பறவைகள் கறுப்பு நிழல்களாகத்தான் தெரியும். சூரியன் மறையும் படம் வேண்டுமென்றால் அது அழகுதான், ஆனால் எந்தப் பறவை என்று இனங்காண வந்தவருக்குப் பின்னேரம் வீண்.

காலையிலும் நேரம் மட்டானது. ஒன்பது, ஒன்பதரைக்குப் பிறகு சூடேறிய சேற்றுக்கு மேல் காற்று அலையத் தொடங்கும். தூரத்துப் பறவைகள் தண்ணீருக்குள் தெரிவதுபோல நெளியும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் அந்த நெளிவைச் சரிசெய்ய முடியாது. ஆறரையிலிருந்து ஒன்பது வரை கிடைக்கும் இரண்டரை மணி நேரம்தான் முழுப் பயணத்தின் பயன்.

தொலைநோக்கி 8x42 போதும். பத்து மடங்கு வாங்கினால் வாடைக்காற்றில் கை ஆடும் ஆட்டமும் பத்து மடங்காகத் தெரியும். கமராவுக்கு 400 மி.மீ. லென்ஸ் குறைந்தபட்சம். மணல் பறக்கும் கரை என்பதால் லென்ஸை மாற்றுவதென்றால் வண்டிக்குள் இருந்து மாற்றுங்கள். ட்ரோன் கொண்டுபோகவே வேண்டாம். அனுமதியில்லாமல் பூங்காவுக்குள் பறக்கவிடுவது சட்டப்படி குற்றம், அதைவிட, ஒரு தடவை அது மேலே வந்தால் முழுக்கூட்டமும் கிளம்பிவிடும்.

எதை எப்படி அடையாளம் காண்பது

முதல்தடவை போகிறவர்கள் ஏமாறும் இடம் நிறம். தூரத்தில் நிற்கும் பூநாரை ரோஸ் நிறமாகத் தெரியாது, வெள்ளையாகத்தான் தெரியும். சிறகை விரிக்கும்போதுதான் உள்ளிருக்கும் சிவப்பும் கறுப்பும் வெளிவரும். சாம்பலும் மண்ணிறமும் கலந்து நிற்பவை வேறு இனமல்ல, இளம் பறவைகள். உணவிலுள்ள நிறப்பொருள் சேரச் சேரத்தான் நிறம் ஏறும்.

நிறத்தை விட்டுவிட்டுத் தின்னும் முறையைப் பாருங்கள், குழப்பமே வராது. தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழாக வரும்படி தண்ணீரில் வைத்து நடப்பது பூநாரை. அலகைப் பாதி திறந்து தண்ணீரில் அமிழ்த்திக்கொண்டு மீன் தொடும்வரை காத்திருப்பது மஞ்சள் மூக்கு நாரை. தலையை இடமும் வலமும் அரிவாள் வீசுவதுபோல ஆட்டிக்கொண்டே போவது கரண்டிவாயன். ஓரச் சேற்றில் தையல் மெஷின்போலக் குத்திக்கொண்டு நிற்பது மூக்கன், உள்ளான் வகைகள். நீண்ட செங்காலோடு கறுப்பும் வெள்ளையுமாக நிற்பது பவளக்கால் உள்ளான். நீர் சற்று ஆழமான இடத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும். ஊரில் எல்லாவற்றையும் காட்டுத்தாரா என்றே சொல்வார்கள், அதுவும் பிழையில்லை.

இனி முக்கியமான விஷயம். பூநாரைகள் பறக்கும் படம் எடுக்கவேண்டும் என்று கல்லெறிவது, கைதட்டுவது, மோட்டார் சைக்கிளோடு ஓரத்தில் ஓடுவது, இவை நடக்கின்றன. மனம் நோகும் காட்சி இது. ஆயிரக்கணக்கான மைல் போகவரப் பறக்கும் பறவைகள் இந்தக் கூட்டத்தில் நிறைய. அவை இங்கே நின்று தின்பது திரும்பிப் போகும் பயணத்துக்கான கொழுப்பைச் சேர்க்க. ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் அந்தச் சேமிப்பில் கைவைக்கிறோம். எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதைப் பறவைகளே சொல்லும். தலைகள் கவிழ்ந்திருந்தால் நிம்மதியாகத் தின்கின்றன. எல்லாத் தலையும் ஒரேயடியாக நிமிர்ந்தால் நில்லுங்கள். நிமிர்ந்த கழுத்தோடு எல்லாம் ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கனவே மிஞ்சிவிட்டீர்கள், பத்து அடி பின்வாங்கி உட்காருங்கள். உட்கார்ந்து அசையாமல் அரைமணி இருந்தால் அவை தாமாகவே கிட்ட வரும். வண்டிக்குள்ளிருந்தே பார்ப்பது இன்னும் நல்லது. நடக்கும் மனிதனைவிட நிற்கும் வண்டிக்குப் பறவைகள் பயப்படுவது குறைவு.

களப்புத் தண்ணீரில் இறங்கவேண்டாம். சேற்று முதலைகள் உண்டு, சேற்றில் புதைந்து கிடக்கும் திருக்கையும் உண்டு. பூங்கா எல்லைக்குள் தூண்டில் போடுவதும் கூடாது. டிக்கெட் எடுத்து ஏறும் படகுச் சவாரியை எதிர்பார்த்து வரவும் வேண்டாம். எங்கே நிற்கலாம், எது பூங்கா எல்லை என்பதை வனசீவராசிகள் திணைக்களத்தாரிடமோ ஊர்க் கடற்றொழிலாளரிடமோ கேளுங்கள். "அண்ணை, தண்ணி இப்ப எங்க வத்தி நிக்குது?" என்ற ஒரு கேள்வி இரண்டு மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும். இறால் பிடிக்கிறவர்களுக்குத் தெரியாத மூலை அந்தக் களப்பில் கிடையாது.

கடற்கரை

கசூரினாவில் இடுப்பளவுத் தண்ணீரில் நீண்டதூரம் நடந்த பழக்கத்தோடு இந்தக் கடலில் இறங்கக்கூடாது. கசூரினா பாக்கு நீரிணையைப் பார்த்த ஆழமற்ற கடல். இது திறந்த வங்காள விரிகுடா, கரை சரிந்து இறங்கும், நாலடி வைத்தால் கால் எட்டாது. கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக் காலம், அலை கரையை அறுத்துக்கொண்டு நிற்கும். அப்போது கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். நல்ல நீச்சல்காரரையும் கரையிலிருந்து இழுத்துப்போகும் ஓட்டம் உண்டு. அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியே வந்தபிறகு திரும்பவேண்டும். காப்பாற்ற உயிர்காப்பாளர் எவரும் நிற்கமாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியபின் இந்தக் கரை அடங்கும். அப்போது கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். வலையை வளைத்துவிட்டு இரு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து இழுத்து, மீன் சேரும் மடியைக் கரைசேர்க்கும்வரை மணிக்கணக்கான வேலை. கயிறு விறைத்திருக்கும்போது அதைத் தாண்டவோ அதன் உட்பக்கம் நிற்கவோ கூடாது. மடி கரைக்கு வந்ததும் முண்டியடித்து உள்ளே கையை விடாதீர்கள், சொறி என்ற ஜெலிமீனும் சிலவேளை கடற்பாம்பும் மீனோடு சேர்ந்து வரும். மீன் வாங்க விரும்பினால் அவர்கள் தரம் பிரித்து முடியும்வரை பொறுத்திருந்து கேளுங்கள். சூடை, கீரி, பாரை கிடைக்கும் நாள் அதிகம். ஐஸ் போட்ட பெட்டி கொண்டுபோகாவிட்டால் வாங்கவேண்டாம், அந்த வெயிலில் யாழ்ப்பாணம் வந்துசேர்வதற்குள் மீன் கெட்டுவிடும்.

பறவைக்குத் தை, மாசி. கடலுக்குச் சித்திரைக்குப் பிறகு. இரண்டும் ஒரே பயணத்தில் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குப் பங்குனி முதல் இரண்டு வாரம் ஓரளவு பொருந்தும்.

திரும்பும் வழி

வந்தவழியே ஏ9இல் திரும்பாமல் மருதங்கேணியிலிருந்து வடக்கே நாகர்கோவில், குடத்தனை வழியாகப் பருத்தித்துறைப் பக்கம் போவதே நல்லது. உடுத்துறையில் 2004 ஆழிப்பேரலையில் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. இந்தக் கரையில் உறவை இழக்காத வீடு அரிது. படம் எடுக்கும் இடமாக அதைப் பாவிக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

மணற்காட்டில் மணற்குன்றுகளும், மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயிலின் இடிபாடும், சவுக்கங்காடும் உண்டு. குன்றில் ஏறுவதென்றால் பத்து மணிக்கு முன்னரோ நாலு மணிக்குப் பின்னரோ. நடுப்பகலில் மணல் செருப்பை மீறிச் சுடும். குன்றைப் பிடித்து வைத்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது இங்கே பழமொழி மட்டுமல்ல, குன்று நிற்பதே அந்த மிடுக்கில்தான். கொடி படர்ந்த சரிவில் சறுக்கி விளையாடினால் வேர் அறும், அடுத்த காற்றில் அந்த இடம் குழியாகும். கொடியில்லாத வெறும் மணற்சரிவு நிறைய இருக்கிறது, பிள்ளைகளை அங்கே விடுங்கள். மணல் அள்ளுவதால் ஏற்கனவே குறைந்துபோன குன்றுகள் இவை.

புரட்டாதிப் பூரணையை ஒட்டி வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குச் சனம் திரளும். அந்த நாளில் இந்தப் பக்கம் அமைதி தேடி வரக்கூடாது, ஆழ்வாரைத் தேடி வரலாம். பருத்தித்துறையில் தட்டைவடை வாங்கிக்கொண்டு, தொண்டைமானாறு வழியாக வந்தால் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் மதிய அன்னதானமும் கிடைக்கும். அதற்குப் பிறகு வல்லைவெளி. வீதியின் இருபக்கமும் களப்பு, தை மாசியில் அங்கேயும் நாரையும் உள்ளானும் நிற்கும். சுண்டிக்குளம் வரை போக இயலாத முதியவர்கள், சிறுபிள்ளைகளோடு வருபவர்கள் வல்லைவெளியையோ நாவற்குழிப் பக்கத்தையோ மட்டும் ஒரு காலையில் பார்த்தாலும் வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள். வண்டியை வீதியோரத்தில் முழுவதுமாக ஒதுக்கி நிறுத்துங்கள், அந்த நேர்வீதியில் பஸ்கள் வேகத்தைக் குறைப்பதில்லை.

சாப்பாட்டுப் பொதிக்குப் பாணைவிட இடியப்பமும் சம்பலும் வெயிலைத் தாங்கும். பால் விட்ட கறிகள் பதினொரு மணிக்கே புளித்துவிடும். தை, மாசியில் அவித்த பனங்கிழங்கு கொடிகாமத்துப் பக்கம் வாங்கலாம், பசி தாங்கும், பழுதாகாது. கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாம் திரும்பி வரவேண்டும், அதற்கென்று ஒரு உரப்பை எடுத்துச் செல்லுங்கள். அவசரமென்றால் கிட்டிய வைத்தியசாலை மருதங்கேணியில். அம்புலன்ஸ் சேவைக்கு 1990.

வீடு வந்ததும் படுக்கப்போகாமல் மோட்டார் சைக்கிளை நன்னீரால் கழுவுங்கள். செயின், சில்லுக் கம்பிகள், பிரேக் கேபிள் மூன்றையும் தவறவிடாதீர்கள். செயினைக் காயவைத்து எண்ணெய் விட்ட பிறகு மூடி வையுங்கள். ஈரத்தோடு மூடினால் கடலுப்பு ஒரே இரவில் துருவைத் தொடக்கிவிடும்.